கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

பல்லடம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பழைய கிணற்றை எட்டிப் பாருங்கள். பாதி ஆழத்தில், பாறைச் சுவரைக் குடைந்து அமைத்த திட்டு ஒன்றோ, குறுக்கே பதித்த இரும்புச் சட்டங்களோ தென்படும். ஒரு காலத்தில் அங்கே மின் மோட்டாரும் பம்பும் உட்கார்ந்திருந்தன. கிணற்று மேட்டில் வேண்டிய இடம் இருக்க, நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இயந்திரத்தை அந்தக் குழிக்குள் ஏன் இறக்கினார்கள்?

மோட்டார் வருவதற்கு முன் இங்கே கவலை ஏற்றம்தான் இருந்தது. எருதுகள் வாரிச் சரிவில் இறங்கும், வடக்கயிறு இழுபடும், நீர் நிறைந்த சால் மேலே வரும். தண்ணீர் கீழே போனால் கயிற்றை நீட்டினால் போதும். எருதுகள் களைத்துப் போகலாமே தவிர, இத்தனை அடிக்குக் கீழே இறைக்க முடியாது என்று கவலைக்கு எந்த இயற்கை விதியும் வரம்பு கட்டவில்லை.

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்கம்பிகள் கோவைச் சமவெளிக்கு இறங்கின. கோவையில் 1926 முதலே பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் இயங்கி வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் பீளமேட்டில் மின் மோட்டார் ஒன்று உருவாயிற்று. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் கோவை மாவட்டத்துக் கிணறுகளில் எருதுகளின் இடத்தை மோட்டார் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் பழைய தகராறு ஒன்று பல்லடத்துக்கும் வந்து சேர்ந்தது. உறிஞ்சு பம்பு ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற மறுக்கிறது என்பதை 1638இல் கலீலியோ எழுதி வைத்தார். காரணத்தை அவருடைய சீடர் டாரிசெல்லி கண்டார். பம்பு நீரை இழுப்பதே இல்லை! அது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது; கிணற்று நீரின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றால் 76 சென்டிமீட்டர் பாதரசத்தையோ 10.3 மீட்டர் நீரையோதான் தாங்க முடியும். பல்லடம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அந்தக் கணக்கு 10 மீட்டருக்கும் சற்றுக் குறையும். குழாயின் உராய்வையும் நீரின் ஆவியையும் கழித்தால், நடைமுறையில் கிடைப்பது ஆறேழு மீட்டர்தான். நூறு அடிக் கிணற்றுக்கு இது எம்மாத்திரம்?

எனவே மோட்டார் நீரை நாடிக் கீழே இறங்கிற்று. பம்பிலிருந்து மேலே தள்ளுவதற்கு அந்த வரம்பு கிடையாது. உறிஞ்சும் பக்கத்துக்கு மட்டுமே உண்டு. கோடையில் நீர் கீழே போகப் போக, திட்டும் அடுத்த படிக்கு இறங்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்தாலோ, நள்ளிரவில் லாந்தரோடு ஓடிச் சங்கிலி கட்டி மோட்டாரை மேலே தூக்க வேண்டும். தூங்கிவிட்டால் விடியும்போது மோட்டார் நீருக்குள் இருக்கும். நகரத்து நீச்சல் குளத்துப் பம்புக்கும் காற்றழுத்த விதி இதேதான். ஆனால் இந்த இரவு ஓட்டம் அதற்கு இல்லை.

இனி மின்சாரத்தின் பக்கம் வருவோம். நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு 400 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது. அது 300 ஆகக் குறைந்தால், மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், பாதிக்குச் சற்று மேலாகத்தான் எஞ்சும். பம்பின் பளுவோ குறைவதில்லை. அதை ஈடுகட்ட மோட்டார் அதிக மின்னோட்டத்தை எடுக்கும். மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சுருளில் வெப்பம் முக்கால் பங்கு கூடும். காயில் கருகி வாடை அடிக்கும். இதைவிடக் கொடியது, மும்முனையில் ஒரு முனையின் பியூஸ் மட்டும் போவது. நின்றிருந்த மோட்டார் உறுமுமே தவிரச் சுழலாது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரோ நிற்காமல், மற்ற இரு முனைகளிலும் பளுவை ஏற்றிக்கொண்டு எரிந்தே போகும்.

தண்ணீர் குறைந்தால் நோய் காற்றிலா மின்சாரத்திலா என்று எப்படிக் கண்டறிவது? அம்மீட்டரைப் பாருங்கள். நீரில்லை, முள்ளும் தாழ்ந்திருக்கிறது என்றால் பம்பு வெறுமனே சுற்றுகிறது: புட்வால்வு ஒழுகியிருக்கும், அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுந்திருக்கும். நீர் குறைவு, முள் உயர்வு என்றால் மின்னழுத்தத்தையும் முனைகளையும் பாருங்கள். பம்புக்குள் ஏதாவது சிக்கியும் இருக்கலாம். பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் ஓசை கேட்டால், உறிஞ்சும் உயரம் மிகுந்து நீர் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது என்று பொருள். காயில் கட்டி வந்த மோட்டார் முறையாக ஓடியும் நீர் கொஞ்சமாகவே வந்தால், அது தலைகீழாகச் சுற்றுகிறதோ என்று பாருங்கள். ஏதேனும் இரண்டு முனைகளை இடம் மாற்றினால் சரியாகும்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வெளியேற்றும் வால்வை மூடினால் மோட்டார் திணறும் என்றுதானே நினைப்பீர்கள்? மையவிலக்குப் பம்பில் அப்போதுதான் பளு மிகக் குறைவு. மாறாக, மழை பெய்து கிணறு நிரம்பினால் ஏற்றும் உயரம் குறைகிறது. பம்பு அதிக நீரை வாரி, அதிக மின்னோட்டமும் கேட்கிறது. வறட்சி முழுதும் தாங்கிய மோட்டார் நல்ல மழைக்குப் பின் எரிந்த கதை இப்படித்தான்.

மோட்டார் எரிந்தால் ஒரு வாரம் நீரில்லை, பருத்தி காத்திருக்குமா? மின்சாரம் இங்கே பயிரின் உயிராகிவிட்டதால்தான் அதன் கட்டணமும் உயிர்ப் பிரச்சினையாயிற்று. கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டனர். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு வரம்பு வந்தபோது, ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாத் தோட்டத்து மோட்டார்களையும் ஒரே கணத்தில் கிளப்பின. கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். பிறகு மின்னழுத்தம் எங்கே நிற்கும்?

நீர்மட்டம் கிணற்றையும் விட்டு ஆழ்துளைக்கு இறங்கியது. முதலில் கம்ப்ரசர் வந்தது: குழாயடியில் காற்றைச் செலுத்தி, குமிழிகள் கலந்து இலேசான நீரை மேலே வரச் செய்தார்கள். செலவு அதிகம், நீர் குறைவு. பின் வந்தது நீர்மூழ்கி மோட்டார். 1920களில் அருத்யூனோவ் என்பவர் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்காக வளர்த்த எண்ணம் அது. நீருக்குள்ளேயே இருப்பதால் உறிஞ்ச வேண்டியதில்லை. டாரிசெல்லியின் வரம்பும் குறுக்கே வருவதில்லை. அடைமழைக்கும் அஞ்ச வேண்டாம்.

மின்சாரத்தின் தொல்லை மட்டும் தீரவில்லை. நூற்றுக்கணக்கான அடிக் கேபிளில் கொஞ்சம் வோல்ட் கூடுதலாகவே கரைகிறது. மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்க்கவோ ஓசை கேட்கவோ இப்போது வழியில்லை. குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுப்பதற்கு முன், மெக்கானிக் மோட்டார் அறைக்குள் போய் அம்மீட்டரின் முள்ளைத்தான் முதலில் பார்க்கிறார்.