இரண்டு வேதநாயகர், இரண்டு சமாதானம்

கெங்குவார்பட்டியில் தலையைத் தூக்கினால் மலைதான். கொடைக்கானலுக்கு ஏறும் சாலை பிரிகிற காட்ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் சாரி சாரியாக மேலே போகும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அந்த மலையில் வீடு கட்டிக் குடியேறிய முதல் வெள்ளைக்காரர்கள் குளுமையைத் தேடிப் போனவர்கள் அல்லர். அவர்கள் பயந்து போனவர்கள். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் மனைவியரையும் குழந்தைகளையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்தார்கள். 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வழியிருந்தால் எந்தத் தாயும் மலையேறத்தான் செய்வாள்.

ஆனால் அதே காலரா, அடிவாரத்து ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. இங்கிருந்தவர்களுக்கு ஏறிப்போய்த் தங்க மேலே வீடு இல்லை. கிறிஸ்தவர்களான சிலருக்கு அந்தக் காலத்தில் கையில் கிடைத்தது ஒரு பாட்டுப் புத்தகம். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-இல் அச்சிட்டார். அதுவரை ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த பாடல்களைச் சிரமப்பட்டுப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு, பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் உள்ள பாட்டு அந்தப் புத்தகத்தின் வழியாக வந்தது. அதில் முக்கிய இடம் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாருக்கு.

வேதநாயகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிறவர் இன்னொருவர்: ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. இருவரையும் ஒருவரென்றே எண்ணியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்த சீர்திருத்த சபைக்காரர். பிள்ளை 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் பிறந்து 1889-இல் மறைந்த கத்தோலிக்கர். சாஸ்திரியார் இளமையில் படித்த தரங்கம்பாடியில்தான் பிள்ளை 1857-இல் முன்சீப் வேலையைத் தொடங்கினார். இருவரும் பாட்டுக்காரர்கள், கவலையை நேரில் கண்டவர்கள், அந்தக் கவலையின் நடுவே பாடியவர்கள். ஆனால் அவர்கள் அடைந்த சமாதானம் ஒன்றல்ல. எது எப்போது உதவும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ‘சமாதானம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள் ‘அமைதி’ என்றன. அமைதி என்றால் சத்தம் அடங்குவது; ஒருவர் தனியாக இருந்தும் அதை அடையலாம். சமாதானத்துக்கு இரண்டு பேர் வேண்டும். நம் வீடுகளில் “அவங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்களா?” என்று கேட்பது, பிணங்கி நின்றவர்கள் கூடினார்களா என்பதைத்தான். உயிர்த்தெழுந்த இயேசு வந்து நின்றது, சீடர்கள் பயத்தால் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அறையில். அவரை விட்டு ஓடிப்போன ஆட்கள் அவர்கள். அங்கே அவர் சொன்ன முதல் வாழ்த்து சமாதானம். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சரியான சொல்லைத்தான் எடுத்தார்கள் என்பது என் கருத்து.

சாஸ்திரியாரின் கவலை தனி மனிதனின் கவலை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிறுவனை மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து வளர்த்தார். அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இளவரசர் பின்னாளில் இரண்டாம் சரபோஜி மன்னரானார். அந்தப் பழக்கம் சாஸ்திரியாருக்கு மன்னர் இருந்தவரை துணையாக இருந்தது. 1798-இல் சுவார்ட்ஸ் இறந்தபோது சாஸ்திரியாருக்கு வயது இருபத்து மூன்று. தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவரை இழந்தார். பிறகு மிஷனோடு தகராறு வந்து 1829 வாக்கில் வேலை போனது. கைகொடுத்தவர் சரபோஜி. 1832-இல் அவரும் போய்ச் சேர, அடுத்து வந்த அரசரின் காலத்தில் ஆதரவு சுருங்கியது. முதுமையில் நின்றுகொள்ள நிலையான இடம் இல்லாமல் போனது. அடுத்த மாதம் சோற்றுக்கு என்ன செய்வது என்ற கவலை என்னவென்று அறிந்த மனிதர் அவர்.

இந்த மனிதர் பயத்தை எப்படிக் கையாண்டார் என்று தெரிந்துகொள்ள அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் பார்க்க வேண்டும். குறவஞ்சி தமிழர்களுக்கு மிகவும் தெரிந்த வடிவம். தலைவி ஒருத்தி தலைவனை நினைத்து உருகித் தூக்கமின்றித் தவிப்பாள். குறத்தி வந்து கையைப் பார்த்துக் குறி சொல்லுவாள், அவன் வருவான் என்பாள். சாஸ்திரியார் இந்தக் கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டார். அவருடைய தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை, தலைவன் கிறிஸ்து. குறி சொல்ல வருகிற குறத்தியின் பெயர் விசுவாசம்.

இதில் இருக்கிற துணிச்சல் சாதாரணமானதல்ல. கஷ்டம் வந்தால் குறி கேட்பது நம் ஊர்களில் இன்றைக்கும் உள்ள வழக்கம். பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, கடன் அடையுமா, ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா என்று நாளையைப் பற்றி ஒரு சொல் கேட்டுவிட்டால் இன்று தூங்கலாம் என்று மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தை சாஸ்திரியார் பழித்துத் தள்ளவில்லை. குறத்தி வந்து உட்கார இடம் கொடுத்தார். ஆனால் அந்த இடத்தில் விசுவாசத்தை உட்காரவைத்தார். அவள் நல்ல நாள் இன்னது என்று தேதி சொல்லவில்லை. தலைவன் யார், எப்படிப்பட்டவன், அவன் நாடு எது, மலை எது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். நாளை என்ன நடக்கும் என்பதற்குப் பதிலாக, நாளைக்கு உடையவர் யார் என்ற விடை கிடைக்கிறது. தலைவியின் தவிப்பு அடங்குவது அதில்தான். பதற்றத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான பார்வையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவருடைய குறையையும் சொல்லத்தான் வேண்டும். மிஷனோடு அவருக்கு வந்த சண்டை சாதியைப் பற்றியது. கோயிலுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று புதிய மிஷனரிகள் உறுதியாக நின்றபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் சாஸ்திரியார். அந்த மிஷனரிகள் நடந்துகொண்ட விதத்தில் கடுமை இருந்திருக்கலாம். அவர்கள் சொன்னது சரி. ஆண்டவரோடு இவ்வளவு நெருக்கமாகப் பேசத் தெரிந்தவருக்குப் பக்கத்துப் பாயில் உட்காருகிறவரோடு சமாதானமாக முடியவில்லை. அவர் பாட்டைக் கேட்டு அழுதிருக்கிறேன். அந்த வரலாற்றைப் படித்தபோதும் மனம் வலித்தது.

மாயூரத்துக்காரரின் கவலை வேறு. அவருக்கு உத்தியோகம் இருந்தது, பெயர் இருந்தது, மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் கோபாலகிருஷ்ண பாரதியும் நண்பர்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் ‘குளத்துக் கோவை’ பாடினார். 1859-இல் வேதநாயகம் பிள்ளையின் ‘நீதிநூல்’ வந்துவிட்டது. அடுத்து நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரக’மாகக் கொடுத்தார். வாதி பிரதிவாதியை உட்காரவைத்துப் பேசி ராசியாக்குவது அவர் வேலையின் ஒரு பகுதி. சமாதானம் என்பது அவருக்கு அன்றாடத் தொழில்.

அவர் காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மதுரைச் சீமையும் தப்பவில்லை. மேற்கே ஓடி வீணாகும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற பழைய யோசனைக்கு அந்தப் பஞ்சம்தான் அவசரம் கொடுத்தது. 1895-இல் தண்ணீர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பச்சைக்குப் பின்னால் அந்தச் சாவுகள் நிற்கின்றன.

பிள்ளை பஞ்சத்தின்போது தம் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் ஒரு கிறிஸ்தவரைப் பாடியது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். பிள்ளையும் பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகள் பாடினார். அவை 1878-இல் வந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் உள்ளன. அவர் மாதாமேல் அந்தாதி பாடிய உறுதியான கத்தோலிக்கர். அப்படியிருந்தும் இந்தக் கீர்த்தனைகளில் எந்தச் சமயத்தாரும் கூடப் பாடும்படி கடவுளைப் பொதுவாகவே கூப்பிடுகிறார். இதைச் சிலர் விசுவாசம் நீர்த்துப்போனதாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கஞ்சித் தொட்டியின் முன்னால் நிற்கிற வரிசையில் எல்லாரும் இருக்கிறார்கள். அந்த வரிசையின் சார்பாகக் கடவுளிடம் பேசுகிறவர் எல்லாருக்கும் வாயில் வருகிற பெயரால்தான் கூப்பிட முடியும். வழக்காடத் தெரிந்தவர் ஆகையால் அவர் கடவுளிடமும் வழக்காடுகிறார், முறையிடுகிறார், உன்னை விட்டால் யார் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

இருவருக்கும் நடுவே உள்ள பெரிய வேறுபாடு இதுதான். சாஸ்திரியாரின் பாட்டில் பயப்படுகிறவள் ஒருத்தி. ஆறுதல் அவள் காதுக்குச் சொல்லப்படுகிறது. பிள்ளையின் பாட்டில் பயப்படுவது ஊர். அதற்காக ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார். சாஸ்திரியார் கவலையை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு இளைப்பாறுகிறார். பிள்ளை கொடுத்துவிட்டுக் கஞ்சிக் கரண்டியை எடுக்கிறார். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தைக் கவலைக்கு மருந்தாக எல்லாரும் காட்டுவார்கள். சிறையிலிருந்து எழுதிய அதே அதிகாரத்தில், தன் நெருக்கடியில் பணம் அனுப்பி உதவியதற்காக அந்தச் சபைக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார். சமாதானத்தைப் பற்றிய வசனத்தைச் சுவரில் மாட்டுகிறோம், அனுப்பிய உதவியைப் பற்றிய வசனங்களை மாட்டுவதில்லை.

ஒற்றுமை ஒன்று உண்டு, அதை இசையில்தான் பார்க்க முடியும். கவலைக்கு ஒரு குணம்: சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும். நடுராத்திரி மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவருக்கு இது தெரியும். கீர்த்தனையும் சுற்றி வருவதுதான். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புகிறது. ஆனால் திரும்புகிற இடம் வேறு. பயம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடத்திலிருந்து மனதைப் பிடித்து, இறைவன் பெயர் இருக்கிற இடத்துக்கு ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து விடுகிறது. மூச்சும் அதற்கேற்ப நீள்கிறது. கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை மணிகளை உருட்டுவதிலும் இதே வேலை நடக்கிறது. இந்த ஞானம் இருவருக்கும் நம் பண்ணிலிருந்தே வந்தது. பதற்றம் முற்றி உடம்பையே உலுக்கினால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போது கெங்குவார்பட்டிக்கு வருகிறேன். மாம்பூ கொட்டும் காலத்தில் அடிக்கிற காற்று, வற்றும் கிணறு, கூட்டுறவில் வைத்த நகை, திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போன பிள்ளையிடமிருந்து வராத போன் என்று இங்கே கவலைகளுக்குப் பஞ்சமில்லை. 2020-இல் கோயில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த மாதங்களில் வீட்டுக்குள் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்து பாடியவர்களுக்கு சாஸ்திரியார் வழி வந்த பாடல்கள்தான் துணை நின்றன. அந்த இரவுகளுக்கு அவரே சரியானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியாகப் பயப்படும்போது நம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண்டவர் வேண்டும்.

ஆனால் பயம் நம் வீட்டோடு நிற்கிறதா? மழை பொய்த்தால் கிறிஸ்தவன் தோட்டம் மட்டும் காய்வதில்லை. மஞ்சளாற்றுக் கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மனின் அடைத்த கதவுக்கு முன் நின்று வேண்டுகிறவரும் அதே வானத்தைத்தான் பார்க்கிறார். இப்படிப்பட்ட நாட்களில் நம் சபைகள் சாஸ்திரியாரோடு மட்டும் நின்றுவிடுகின்றன என்பது என் ஆதங்கம். நமக்கு ஆறுதல் கிடைத்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஒருவரைத்தான் தேர வேண்டும் என்றால், ஊர் முழுவதும் கவலையில் இருக்கும் காலத்துக்கு நான் மாயூரத்தாரைத்தான் தேர்வேன். பாட்டின் அழகில் சாஸ்திரியார் ஒரு படி மேல் என்று தெரிந்தே சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துச் சபைகளில் பாடல் எடுத்துக் கொடுக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மழைக்காகக் கூடும்போது ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் உள்ள பஞ்சப் பாடல் ஒன்றையும் எடுத்துப் பாடுங்கள். வாசல் கதவைத் திறந்து வைத்துப் பாடுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். அவர்கள் கூடவே பாடுவதற்குத்தான் அந்த மனிதர் அப்படி எழுதிவைத்தார்.