வீடியோப் பேயும் விசாரியாத சட்டமும்

மனிதன் ஒரு புதுக் கருவியைக் கண்டுபிடிக்குந்தோறும் அதனோடு கூடவே ஒரு புதுப் பயமும் பிறக்கக் காண்கிறோம். அச்சு யந்திரம் தோன்றிய காலத்தில் அரசரும் குருமாரும் அஞ்சினர். மலிவு நாவல்கள் பரவிய காலத்தில் பெற்றோர் அஞ்சினர். சினிமா வந்த காலத்திலோ பெரியவர் என்பார் அனைவருமே அஞ்சினர். இப்பயங்கள் யாவும் பொய் என்று வாதிப்பது நமது நோக்கமன்று. பயத்திற்குக் காரணம் உண்டா இல்லையா என்று விசாரித்தறியாமல், அப்பயத்தையே எடுத்துச் சட்டமாக எழுதிவைப்பது அறிவுடைமையாகுமா என்பதே நமது கேள்வி. இக்கேள்விக்கு விடைகாண 1980-களில் பிரிட்டனில் நடந்தேறிய 'வீடியோ நாஸ்டி' விவகாரத்தைப் போல் உதவும் சரித்திரம் பிறிதொன்றில்லை. 'அருவருப்பு வீடியோ' என்று அதனை நாம் தமிழில் சொல்லலாம். அதன் கதையை ஆதிமுதல் எடுத்துரைப்போம்.

ஜப்பானிய நாட்டின் சோனி கம்பெனியார் 1975-ம் ஆண்டில் 'பீட்டாமாக்ஸ்' என்னும் வீட்டு வீடியோக் கருவியை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே ஜே.வி.சி. கம்பெனியார் 'வி.எச்.எஸ்.' என்னும் போட்டிக் கருவியைக் கொணர்ந்தனர். 1978-ல் அது பிரிட்டனை எட்டிற்று. இதனால் விளைந்த மாறுதல் சாமான்யமானதன்று. அதுகாறும் ஒருவன் ஒரு படத்தைப் பார்க்கவேண்டுமாயின் கொட்டகைக்குச் செல்லவேண்டும். வாயிலில் சீட்டுக் கொடுப்பவன் அவன் வயதைப் பார்ப்பான். அப்படமோ 1912-ல் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் சினிமாத் தணிக்கைச் சபையாரின் கத்தரிக்கோலுக்குத் தப்பி வந்ததாயிருக்கும். வீடியோ வந்ததும் இக்காவல்கள் யாவும் ஒரே நாளில் வீழ்ந்தன. கேசட்டுக்குத் தணிக்கை வேண்டும் என்று எந்தச் சட்டமும் அன்று சொல்லவில்லை. தெருமுனை மளிகைக்கடையிலும், பத்திரிகைக் கடையிலும், பெட்ரோல் நிலையத்திலுங்கூடச் சில்லறைக் காசுக்கு ஓரிரவு வாடகையாகப் படம் கிடைத்தது.

அப்படிக் கிடைத்த படங்கள் யாவை? ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் தங்கள் படங்களை வீடியோவில் வெளியிடத் தயங்கி நின்ற காலம் அது. நாடாவில் பதிவு செய்துகொள்வதே திருட்டு என்று சொல்லி, யூனிவர்சலும் டிஸ்னியும் 1976-ல் சோனி மீது வழக்குத் தொடுத்திருந்தன. 1984-ல்தான் அமெரிக்க உயர்மன்றம் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்த இடைவெளியில் கடைகளின் அலமாரியை நிரப்பப் புகுந்தவர்கள் சிறு வியாபாரிகள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் சொற்ப முதலில் எடுக்கப்பட்டு, கொட்டகைகளில் கவனிப்பாரற்றுப் போன திகிற்படங்களின் உரிமையை இவர்கள் மலிவாக வாங்கிக் கேசட்டாக்கினர்.

இவற்றுள் சில, பணம் பறிப்பதையன்றி வேறு குறிக்கோள் இல்லாதவை என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் எல்லாம் அப்படியல்ல. சாம் ரைமி என்னும் இருபது வயது வாலிபர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, டென்னிஸி மாகாணத்துக் காட்டிலே பாழடைந்த குடிசையொன்றில், நான்கு இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கும் குறைந்த செலவில் எடுத்து 1981-ல் வெளிக்கொணர்ந்த 'தி ஈவில் டெட்' இவற்றுள் ஒன்று. வெஸ் கிரேவன் 1972-ல் எடுத்த 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்' மற்றொன்று. பிற்காலத்தில் உலகமறிந்த டைரக்டர்களாக விளங்கிய இருவரும் கையில் காசில்லாத நாளில் இப்படித்தான் தொழில் பயின்றனர்.

நிற்க. படத்தைப் பார்த்தவர் தொகையினும் மேலுறையைப் பார்த்தவர் தொகையே பெரிது. முகவரியில்லாப் படத்தை விற்கவேண்டுமாயின் உறையிலுள்ள சித்திரந்தான் கூவி அழைக்கவேண்டும். 'தி டிரில்லர் கில்லர்' என்ற படத்தை வெளியிட்டவர்கள், துளையிடும் யந்திரம் ஒரு மனிதனின் நெற்றியைத் துளைத்துக் குருதி வழியும் காட்சியை உறையிலிட்டு, 1982-ல் வீடியோப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமும் செய்தனர். விளம்பரங்களைக் கண்காணிக்கும் சபைக்குப் புகார்கள் குவிந்தன. 'கானிபல் ஹோலோகாஸ்ட்' என்ற இத்தாலியப் படத்தின் வியாபாரியோ, ஒழுக்கக் கிளர்ச்சிக்குப் பேர்போன மேரி வைட்ஹவுஸ் அம்மையாருக்குத் தம் படத்தைப் பற்றித் தாமே மொட்டைக் கடிதம் எழுதினார் என்று சொல்லப்படுகிறது. கண்டனம் எழுந்தால் விற்பனை பெருகும் என்பது அவர் போட்ட கணக்கு. கண்டனம் எழுந்தது உண்மை. ஆனால் அவர் எண்ணியதைக் காட்டிலும் பன்மடங்காக எழுந்து, அவரைப்போன்ற சிறு வியாபாரிகளின் தொழிலையே விழுங்கிவிட்டது.

பத்திரிகைகள் பெருங் கூக்குரலிட்டன. போலீசார் 1959-ம் ஆண்டின் ஆபாசப் பிரசுரச் சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு கடைகளைச் சோதனையிட்டனர். பார்ப்பவரைக் கெடுத்துச் சீரழிக்கத் தக்கது எதுவோ அதுவே ஆபாசம் என்பது அச்சட்டத்தின் இலக்கணம். எது கெடுக்கும், எது கெடுக்காது? ஊருக்கு ஊர் தீர்ப்பு வேறுபட்டது. தடுமாறிய கடைக்காரர்களுக்கு வழிகாட்டுவதுபோல் அரசாங்க வழக்குத் தலைவர் 1983-ல் ஒரு படப்பட்டியலை வெளியிட்டார். மாதந்தோறும் கூடியும் குறைந்தும் வந்த அப்பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. அவற்றுள் 39 மட்டுமே வழக்கு மன்றத்தில் குற்றமென்று தீர்க்கப்பட்டன.

பட்டியலைப் பார்த்தால் விசாரணையின் இலட்சணம் விளங்கும். 1981-ல் கான் படவிழாவில் இஸபெல் அஜானி என்னும் நடிகைக்குச் சிறந்த நடிகைப் பரிசை ஈட்டித்தந்த 'பொஸெஷன்' என்ற படமும் அதில் இருந்தது! சோதனையிட்ட போலீசாரோ தலைப்பைப் பார்த்தே கேசட்டுகளை அள்ளினர். 'தி பிக் ரெட் ஒன்' என்பது இரண்டாம் உலக யுத்தத்தில் போரிட்ட அமெரிக்கக் காலாட்படையைப் பற்றிய கண்ணியமான படம். பெயரில் ஏதோ ஆபாசம் தொனிப்பதாகக் கருதி அதையும் வாரிச் சென்றனர். பாட்டும் கூத்தும் நிறைந்த 'தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்ஸாஸ்' என்ற ஹாலிவுட் படமும் தப்பவில்லை.

இவையெல்லாம் நகைப்புக்குரிய செய்திகள் என்று தள்ளிவிடலாகாது. 1984-ம் ஆண்டில், ஒரு படத்தின் வெட்டப்படாத பிரதியை வெளியிட்டதற்காக ஒரு வியாபாரி சிறைக்கே அனுப்பப்பட்டார். வங்கிக் கடனில் கடை வைத்திருந்த எத்தனையோ எளியவர்கள், அலமாரியிலுள்ள எந்தப் படம் நாளைக்குக் குற்றமாகும் என்றறியாமல் திகைத்தனர்.

இந்நிலையில், கன்ஸர்வேட்டிவ் கட்சி அங்கத்தினர் கிரகாம் பிரைட் பார்லிமெண்டில் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். பல படங்களிலிருந்து கோரக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டவைத்துச் சக அங்கத்தினர்களுக்குக் காட்டினார்கள். கண்டவர் மனங்கலங்கினர். முன்பின் அறியாமல் வெட்டுக்காயத்தை மட்டும் பார்த்தால் இராமாயண யுத்தகாண்டமுங்கூடக் கோரமாகத்தானே தோன்றும்! அதே பிரைட் அவர்கள், இப்படங்கள் பிள்ளைகளை மட்டுமன்றி நாய்களையும் பாதிக்கும் என்பதை ஆராய்ச்சிகள் காட்டும் என்று தொலைக்காட்சியில் கூறியதும் பதிவாகியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆயுதமாக விளங்கியது ஒரு புள்ளிவிவரம். ஆறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இத்தகைய படங்களைப் பார்த்துவிட்டனர் என்று, பார்லிமெண்டு அங்கத்தினர் சிலரின் ஆதரவில் அமைந்த வீடியோ விசாரணைக் குழு 1983-ல் அறிவித்தது. நாடே நடுங்கிற்று. ஆனால் கை கம்பர்பாட்ச், பால் பேட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு சிறு காரியம் செய்தனர். அதே மாதிரியான கேள்வித்தாளைப் பதினொரு வயது மாணவர்களிடம் கொடுத்து, உலகத்திலேயே இல்லாத சில படங்களின் பெயரையும் அதில் கலந்துவைத்தனர். நூற்றுக்கு 68 பேர், இல்லாத படங்களைத் தாங்கள் பார்த்திருப்பதாகக் குறியிட்டுக் கொடுத்தனர்! சிறுபிள்ளைகள் தோழர் முன் பெருமை பேசும் இயல்பினர் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும், சட்டசபையாருக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக் கிராணி வேலையில் காலங்கழிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெரட்டில் ஆளை நேரிற் காணாமல், எவனோ சொன்னான் என்று செக்ரோலில் பெயரைப் பதிந்தால், மாதக் கடைசியில் கூட்டுத்தொகை எத்துணைச் சரியாக வந்தாலும் அக்கணக்கு பொய்க்கணக்கே. எண்ணைக் கண்டதும் வணங்குதல் கூடாது. எண்ணியவன் யார், எதை எண்ணினான், எப்படி எண்ணினான் என்று கேட்டறியவேண்டும்.

ஆயினும் மசோதா வென்றது. 1984-ம் ஆண்டு ஜூலையில் வீடியோப் பதிவுச் சட்டம் அரச சம்மதம் பெற்றது. இனித் தணிக்கைச் சபையின் தரச்சான்று பெறாத படத்தைக் கேசட்டாக விற்பதும் வாடகைக்கு விடுவதும் குற்றம். அபராதம் 20,000 பவுன் வரை. கொட்டகைக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்ற கொள்கை இதனால் நிலைபெற்றது. 'தி ஈவில் டெட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். தணிக்கையார் வெட்டி அனுமதித்த அதே பிரதி 1983-ல் கொட்டகைகளில் சட்டப்படி ஓடிற்று. அதே பிரதி கேசட்டாகக் கடைக்கு வந்தபோது வழக்குக்கு உள்ளாயிற்று. 1974 முதல் பிரிட்டிஷ் கொட்டகைகளில் ஓடிய 'தி எக்ஸார்ஸிஸ்ட்' 1999-ம் ஆண்டு வரையில் வீடியோத் தரச்சான்று பெறவில்லை.

இதன் உட்பொருள் யாது? கொட்டகையில் சீட்டு வாங்கிப் பார்ப்பவன் பகுத்தறிவுள்ளவன். தன் வீட்டுக் கூடத்தில் பார்க்கும் தொழிலாளியோ தன்னையும் ஆளத் தெரியாதவன், தன் பிள்ளையையும் காக்கத் தெரியாதவன் என்பதுதானே? உழைக்கும் மக்களின் கைக்கு ஒரு பொருள் மலிவாகக் கிட்டும்போதெல்லாம் மேலோருக்குத் திடீரென்று அவர்களது ஒழுக்கத்தைப் பற்றிய கவலை பிறந்துவிடுகிறது.

பயத்துக்கு ஆயுள் அதிகம். 1993-ல் லிவர்ப்பூல் நகருக்கருகே இரண்டு வயதுக் குழந்தையொன்றை இரு சிறுவர்கள் கொன்ற கொடுமை நிகழ்ந்தபோது, 'சைல்ட்ஸ் பிளே 3' என்ற படமே காரணம் என்று பத்திரிகைகள் அலறின. அச்சிறுவர்கள் அப்படத்தைப் பார்த்ததற்குச் சான்றில்லை என்று புலன்விசாரணை செய்த போலீசார் கூறியும் 1994-ல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

பின்னர் காலம் மாறிற்று. 2001-ல் 'தி ஈவில் டெட்' வெட்டின்றி அனுமதிக்கப்பட்டது. 2002-ல் 'தி டிரில்லர் கில்லர்', 2008-ல் 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்' ஆகியவையும் அவ்வாறே வெளிவந்தன. தடுக்கப்பட்ட 72 படங்களின் பட்டியல், சேகரிப்போர் தேடியலையும் பொக்கிஷப் பட்டியலாகிவிட்டது! தடை போட்டவர்களே அவற்றிற்கு அழியாப் புகழைத் தேடித் தந்தனர்.

இதனினும் பெரிய வேடிக்கை 2009-ம் ஆண்டில் வெளிப்பட்டது. இத்தகைய சட்டம் இயற்றும் நாடு அதனை முன்னதாக ஐரோப்பியக் கமிஷனுக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி 1983 முதல் இருந்தது. 1984-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அதனை அறிவிக்க மறந்துவிட்டனர்! ஆகவே இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடைக்காரர்களை நடுங்கவைத்த சட்டம், முறைப்படி அமுலாக்கத் தகாத சட்டம் என்று தெரியவந்தது. நடந்துகொண்டிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. 2010 ஜனவரியில் அதே சட்டத்தைப் புதிதாக நிறைவேற்றிக்கொண்டார்கள். முன்னரே தண்டனை பெற்றவர்கள் நியாயங் கேட்டுச் சென்றபோது மேல்முறையீட்டு மன்றம் கைவிரித்தது. அவசரம் அவசரம் என்று ஓடியவர்கள் வாசற்படியையே தாண்டாமல் விட்டனர்.

அப்படியாயின் எதையும் எவரும் எடுத்து விற்கலாமா, எந்தக் குழந்தையும் எதையும் பார்க்கலாமா என்று சிலர் வினவக்கூடும். நாம் அப்படிச் சொல்லவில்லை. வயதுக்கேற்பப் படங்களைத் தரம் பிரிப்பது பெற்றோருக்கு உதவும் நற்காரியம். உண்மைத் தீங்கு எங்கே இருக்கிறதோ அங்கே சட்டம் புகவேண்டியதும் அவசியம். 'கானிபல் ஹோலோகாஸ்ட்' படத்தில் மனிதர் சாவதெல்லாம் நடிப்பு. அதனை நம்பாத இத்தாலிய அதிகாரிகள் கொலைச் சந்தேகங் கொண்டபோது, டைரக்டர் டியோடாட்டோ தம் நடிகர்கள் உயிரோடிருப்பதை மெய்ப்பித்துக் காட்டவேண்டியதாயிற்று. ஆனால் அதே படத்தில் வாயற்ற பிராணிகள் மெய்யாகவே கொல்லப்பட்டன. 2011-ல் பிரிட்டிஷ் தணிக்கையார் அப்படத்தை முழுவதும் பார்த்தாராய்ந்து, ஒரு பிராணி கொல்லப்படும் ஏறத்தாழ 15 விநாடிக் காட்சியை மட்டும் நீக்கி வயதுவந்தோருக்கு அனுமதித்தனர். பொய்க்குருதியையும் மெய்க்குருதியையும் பிரித்தறிந்த இச்செயலன்றோ பகுத்தறிவின் செயல்! இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து பார்த்து ஆராய்ந்திருந்தால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும், பலர் பிழைப்பைக் கெடுக்கவும் நேர்ந்திராது.

இன்று கேசட்டும் மறைந்தது. அதனை வாடகைக்குவிட்ட கடைகளும் மறைந்தன. நம் பிள்ளைகளின் கையிலோ உலகத்துப் படங்கள் அத்தனையும் அடங்கிய கைப்பேசி இருக்கிறது. நாளைக்கும் ஒரு கூக்குரல் எழும், புள்ளிவிவரங்கள் பறந்துவரும், பட்டியல்கள் தயாராகும். அப்பொழுது நாம் செய்யவேண்டுவன இரண்டு: குற்றம் சாட்டப்பட்ட பொருளை முதலில் நம் கண்ணால் பார்ப்போம், சாட்டுவோர் காட்டும் கணக்கை நம் கையால் சரிபார்ப்போம். அதன் பின்னர் வேண்டுமாயின் சினங்கொள்வோம். பிள்ளைகளைக் காக்க விரும்பும் பெற்றோர் அவர்கள் அருகே அமர்ந்து, அவர்கள் பார்ப்பதைத் தாமும் பார்த்து, நல்லது இது, தீயது இது என்று பேசி விளங்கவைப்பதே எந்தத் தடைச் சட்டத்தினும் சிறந்த காவலாகும்.