அம்மம்மாவின் சிவப்பு மணிமாலை

சித்திரைப் புத்தாண்டு என்றால் மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்பு உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவது எங்கள் வழக்கம். சிட்னிக்கு வந்தபிறகும் அதை நாங்கள் விடவில்லை. போன வருடம் கைவிசேஷம் தந்த கையோடு அம்மா தன் பெட்டியைத் திறந்து, என் மகளின் கழுத்தில் ஒரு சிவப்பு மணிமாலையைப் போட்டுவிட்டா. "இது உன்ரை பூட்டியின்ரை பவளமாலை, கவனம்" எண்டு சொன்னா. மகள் ஒரு மணியை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பிளாஸ்ரிக்தானே?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரிலிருந்து வந்த பழைய பொருள் என்று எங்கள் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். தாலிக்கொடியும் அட்டியலும் அடைவு கடையோடு போயின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டு நடந்தபோது, அம்மாவின் பைக்குள் இருந்தவை அடையாள அட்டை, ஒரு சீலை, இந்த மாலை. படங்களும் காணி உறுதிகளும் வீட்டோடு போய்விட்டன.

மாலைக்கு இரண்டு கதைகள் உண்டு. மலாயா ரயில்வேயில் கிளாக்காக இருந்த அம்மப்பா, 1938இல் லீவில் வரும்போது சிங்கப்பூரில் வாங்கி வந்தார் என்பது அம்மா சொல்வது. அப்போது அம்மாவுக்கு இரண்டு வயது; அம்மம்மா சொல்லித்தான் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோ தொலைபேசியில் சிரித்தார். "பிள்ளை, அது எழுபதுகளிலை நல்லூர்த் திருவிழாக் கடையிலை வாங்கினது. நானும் கூடப் போனனான்" என்றார். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்பித் தப்பி வருகிறது. இனி யாரிடம் கேட்பது? மாலையிடமே கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

மணிகள் எங்களுக்குப் புதியவை அல்ல. கந்தரோடையில் செந்நிறக் கல்மணிகளும், மாந்தையில் கண்ணாடி மணிகளும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துள்ளன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். பிளாஸ்ரிக் மணியின் வரலாறு நூற்றைம்பது வருடம்தான். ஆனால் அதற்குள்ளும் பல சாதிகள் உண்டு.

முதலில் வந்தது செலுலோயிட். யானைத் தந்தத்துக்குப் பதிலாக ஒன்றைத் தேடிய அமெரிக்கர் ஜோன் வெஸ்லி ஹயற் 1870 அளவில் அதை உருவாக்கினார். 1890களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் பாலின் புரதத்திலிருந்து கலலித் என்ற பொருள் வந்தது. பெயரின் கருத்தே 'பால் கல்'. 1907இல் பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் நியூயோர்க் அருகே பேக்லைற்றைக் கண்டுபிடித்தார். பீனோலும் போமல்டிகைட்டும் சேர்ந்தது அது. ஒருமுறை இறுகினால் பிறகு உருகாது. 1920களின் கடைசியில் கட்டலின் போன்ற பளபளப்பான நிற வகைகள் வந்தன. உலகப் பொருளாதார மந்த காலத்தில் பொன்னும் கல்லும் வாங்க முடியாத பெண்கள் இவற்றை விரும்பி அணிந்தார்கள். அம்பரையும் பவளத்தையும் போலச் செய்த மாலைகள் ஏராளம். 1945க்குப் பிறகு அச்சில் சூடாக்கி ஊற்றும் மலிவான பொலிஸ்ரைரீன் மணிகள் வந்து பழையவற்றை ஓரங்கட்டிவிட்டன.

இங்கே நாங்கள் ஹோம்புஷுக்குச் சாமான் வாங்கப் போகும் வழியில் இருக்கிற ஆஷ்ஃபீல்டில், 1930களில் ஏ.டபிள்யூ.ஏ. தொழிற்சாலை பேக்லைற் பெட்டி வைத்த வானொலிகளைச் செய்தது. அவை இன்று நூதனசாலைப் பொருட்கள். அப்படியென்றால் எங்கள் மாலையை மட்டும் ஏன் 'சும்மா பிளாஸ்ரிக்' என்று தள்ளவேண்டும்?

இனிப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் உதவும்.

முதலில் கன்னத்தில் வையுங்கள். கண்ணாடியும் கல்லும் பவளமும் குளிரும், பிளாஸ்ரிக் குளிராது. இரண்டு மணிகளைத் தட்டுங்கள். பேக்லைற் கனத்த சத்தம் தரும். பொலிஸ்ரைரீன் கிளிக் என்று மெல்லிய சத்தம் தரும். மணியைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அது அச்சில் வார்த்தது. பழைய கட்டலின் மணிகளைக் கடைந்து துளைத்தார்கள், ஆகவே கோடு இராது. பிறகு, ஒரு மணியைக் குழாயின் சுடுநீரில் அரை நிமிடம் பிடித்து உடனே மணந்து பாருங்கள். கற்பூர வாசம் என்றால் செலுலோயிட். தீய்ந்த பால் வாசம் என்றால் கலலித். பழைய காபோலிக் சவர்க்கார வாசம் என்றால் பேக்லைற் இனம். உலோகம் துலக்கும் பொலிஷைப் பஞ்சில் தொட்டு உள்பக்கம் மெல்லத் தேய்த்தால், சிவப்பு பேக்லைற்கூடப் பஞ்சில் மஞ்சள் நிறத்தை விடும். ஊசியைச் சுடவைத்துக் குத்துவது ஆபத்து. செலுலோயிட் சட்டென்று பற்றிக்கொள்ளும். நூலைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். நூலை எத்தனை தரமும் மாற்றியிருப்பார்கள்.

எங்கள் மாலையின் நூல் இற்றுப்போயிருந்ததால் ஒரு மணியைக் கழற்றிச் சோதித்தேன். ஒட்டுக்கோடு இல்லை. சுடுநீரில் காபோலிக் வாசம் மூக்கில் ஏறியது. பஞ்சு மஞ்சளானது. ஆக, பவளம் அல்ல. மாமா சொன்ன காலத்து மலிவு மணியும் அல்ல. பேக்லைற் இன மணிகளைப் பின்னாளிலும் செய்திருக்கிறார்கள், அதனால் வாசத்தை வைத்து வருடத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் பொற்காலம் 1930கள். யாழ்ப்பாணத்தார் மலாயாவில் உத்தியோகம் பார்த்து, ஊருக்குக் காசும் சாமானும் அனுப்பிய காலமும் அதுதான். 1942இல் யப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது அந்தப் போக்குவரத்து நின்றது. தராசு அம்மாவின் பக்கம் சாய்கிறது.

மாமாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நல்லூரிலை வாங்கினது எந்த மாலை?" என்று கேட்டார். அதுவும் இருந்திருக்கும். அது எங்களோடு வரவில்லை.

அம்மாவிடம் பவளம் இல்லை என்று சொல்லத் தயங்கினேன். சொன்னபோது அவ சிரிச்சா. "பவளமெண்டா எப்பவோ வித்துச் சாப்பிட்டிருப்பமே பிள்ளை" என்றா.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். வெயிலில் வைக்காதீர்கள். செலுலோயிட் என்றால் காற்றுப் படும்படி, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வாங்கியது, எங்கே, யார் சொன்னது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். புது நூலில் கோத்த மாலை இந்தப் புத்தாண்டுக்கு மகளின் கழுத்தில் இருக்கும். கடதாசியை அவளே தமிழில் எழுதியிருக்கிறாள்.