பல்லின் வேரில் ஒரு மலாய் மரம்

ஆலம் விழுதும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவை பல்லின் புறத்தைத் துலக்குவன. பல்லின் அகத்தே, வேரினுள் ஓடும் நுண்ணிய குழாயை அடைத்து, பிடுங்கி எறியவேண்டிய பல்லையும் வாயிலே நிலைபெறச் செய்கின்ற மரமொன்று உண்டு. அதனை நேயர்களுட் பலர் அறிந்திருத்தல் அரிது. வேர்ச் சிகிச்சை பெற்ற ஒருவர் தம் பல்லுக்குள் மலாய்க் காட்டு மரமொன்றின் பாலைச் சுமந்து திரிகின்றார் என்றால் வியப்பாகவே இருக்கும்.

மலாயாவிலும் சுமாத்திராவிலும் போர்ணியோவிலும் வளரும் அம்மரத்தின் உறைந்த பாலை மலாய் மக்கள் 'கெத்தா பெர்ச்சா' என்றனர். ஆங்கிலேயர் நாவில் அது 'கட்டாபேர்ச்சா' ஆயிற்று. வெந்நீரில் இட்டால் இளகி, விரும்பிய வடிவத்தை ஏற்கும். ஆறினால் மரம்போல் இறுகி, அவ்வடிவத்தை விடாது காக்கும். மலாய் மக்கள் அதனைக் கொண்டு கத்திப் பிடிகளும் சவுக்குகளும் செய்து பன்னெடுங்காலம் பயன்படுத்தினர். 1656ஆம் ஆண்டிலேயே இலண்டனில் திரடெஸ்கன்ற் என்பவரின் அரும்பொருட் பட்டியலில், வெந்நீரில் வளையும் விந்தை மரமென்று இது இடம்பெற்றது. ஆயினும் அதன்பின் இரண்டு நூற்றாண்டளவாக ஐரோப்பா அதனை மறந்திருந்தது.

சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பனியின் சத்திரவைத்தியராக இருந்தவர் வில்லியம் மொன்கோமரி. மலாய்த் தொழிலாளி ஒருவனின் 'பராங்' கத்திப் பிடி எதனாலானது என வினவி, விடையறிந்து, 1843இல் அப்பொருளின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் சிங்கப்பூரில் வாழ்ந்த டொக்டர் டி அல்மேதாவும் மாதிரிகளை அங்கே காட்டினார். மொன்கோமரிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வினாவுக்கு விடை சொன்ன தொழிலாளியின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. கண்டுபிடிப்பு என்ற சொல்லைச் சரித்திர ஆசிரியர்கள் சற்றுத் தாராளமாகவே வழங்கிவிடுகின்றனர்.

பல்வைத்தியர் இதனை விரைவில் எட்டிப் பிடித்தனர். 1847இல் அமெரிக்கரான ஏசா ஹில் என்பவர் கட்டாபேர்ச்சாவோடு கனிப்பொருட் பொடிகளைச் சேர்த்துப் பற்குழி அடைக்கும் கலவையொன்றை ஆக்கினார். அது 'ஹில்லின் அடைப்பு' எனப் பெயர் பெற்றது. மெல்லும் பரப்பில் அது தேய்ந்துபோயிற்று. பொன்னுக்கும் வெள்ளிக்கலவைக்கும் முன் நிற்க இயலவில்லை. ஆனால் தேய்வில்லாத ஓரிடம் பல்லிலே உண்டு, அதுவே வேர்க்குழாய். உள்ளிருக்கும் நரம்பும் குருதிக்குழாயும் அழுகியபின் அவ்விடத்தைத் துப்புரவாக்கி, கிருமி மீண்டும் குடிபுகாதவாறு அடைத்துவிடல் வேண்டும். முன்னர் பொற்றகட்டை நுணுக்கித் திணித்தனர். 1867இல் சென் லூயிஸ் நகரத்துப் பௌமன் வேர்க்குழாயை அடைக்கக் கட்டாபேர்ச்சாவைக் கையாண்டார் எனப் பல்வைத்திய வரலாறு கூறுகின்றது. 1887இல் அது மெல்லிய ஊசிமுனைக் கூம்புகளாக உருட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. உடல் அதனை வெறுப்பதில்லை. ஈரத்தால் அது கெடுவதில்லை. பிழை நேர்ந்தால் இளக்கி வெளியே எடுத்துவிடவும் கூடும். இக்கடைசிக் குணத்தின் அருமையை வைத்தியரே நன்கு அறிவர்.

அக்காலத்தில் இதன் உடன்பிறப்பான இறப்பரும் வாய்க்குள் புகுந்தது. இரண்டும் காபனும் ஐதரசனும் ஒரே அளவிற் கோத்த நீண்ட சங்கிலிகள்; பல்பகுதியம் என்று இரசாயனவியலார் கூறுவது இதனையே. சங்கிலியின் கணுக்கள் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் மூலக்கூறுகள் சுருண்டு மீளும், அது இறப்பர். மாறிமாறி நின்றால் நிமிர்ந்து அடுக்கடுக்காய்ப் படியும், அது கட்டாபேர்ச்சா. 1876இல் அமேசன் காட்டு விதைகளின் நாற்றுக்கள் கியூ பூங்காவிலிருந்து நம் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. அதற்கு முன்னரே காட்டு இறப்பருடன் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து சூடேற்றி ஆக்கிய வல்லிறப்பர், பொய்ப்பற்கள் பதிக்கும் தட்டாக வழங்கிற்று. தந்தமும் பொன்னும் செல்வருக்கே உரியனவாயிருக்க, வல்லிறப்பர் ஏழைக்கும் பல் கொடுத்தது.

ஆயினும் 1864இல் அதன் ஆக்கவுரிமை ஒருவருக்கு வழங்கப்பட்டது. அதனைக் கைக்கொண்ட குட்இயர் பல்இறப்பர்க் கம்பனி, கட்டணம் செலுத்தாத பல்வைத்தியரை ஊரூராகத் துரத்தி வழக்குத் தொடுத்தது. அக்கம்பனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன், 1879 ஏப்பிரலில் சான் பிரான்சிஸ்கோ விடுதியொன்றில் சாமுவேல் சால்பன்ற் என்னும் பல்வைத்தியராற் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாண்டிற்குப் பின் உரிமைக்காலம் முடிந்தது.

கட்டாபேர்ச்சா மரத்துக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. அது மின்சாரத்தைக் கடத்தாது என 1848இல் பரடே எழுதினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதனினும் ஏற்ற உறை அன்று இருக்கவில்லை. 1858இல் அத்திலாந்திக்கைக் கடந்த முதற் கம்பிக்கு மாத்திரம் ஏறத்தாழ 300 தொன் வேண்டியிருந்தது. இறப்பர் மரத்தைக் கீறினாற் பால் வழியும். இம்மரத்திலோ கீறலிடத்துப் பால் விரைவில் உறைந்துவிடும். ஆதலின் மரத்தையே தறித்துச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி வடித்தனர். பல ஆண்டு வளர்ந்த பெருமரம் தந்தது மிகச் சிறிதளவே. 1857 அளவிலேயே சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பின்னர் சுமாத்திரா, போர்ணியோக் காடுகளும் அழிந்தன. கண்டங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலம், ஒரு காடு மௌனமான காலமுமாகும்.

1885இல் ஒல்லாந்தர் யாவாவின் சிப்பெத்திர் என்னுமிடத்திற் தோட்டமிட்டு, மரத்தைத் தறியாமல் இலைகளை அரைத்துப் பாலெடுக்கும் முறையைக் கைக்கொண்டனர். ஆண்டுகள் கழிந்தபின் வந்த அறிவு அது. 1933இல் பொலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டபின், கடற்கம்பிகளும் படிப்படியாக இம்மரத்தை விட்டு விலகின.

பல்வைத்தியர் மட்டும் அதனைக் கைவிடவில்லை. அவர்களுக்கும் சோதனை வராமலில்லை. 1910இல் மொன்றியலில் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹன்ரர் நிகழ்த்திய உரையின் பின், பற்களிற் தங்கிய அழுக்கே உடல் நோய்கள் பலவற்றுக்கும் மூலமென்ற எண்ணம் பரவி, காப்பாற்றத்தக்க பற்களும் கணக்கின்றிப் பிடுங்கப்பட்டன. அப்புயல் ஓயச் சில தசாப்தங்கள் சென்றன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேர்ச்சுவரோடு ஒட்டும் எனச் சொல்லப்பட்ட செயற்கைப் பல்பகுதியமொன்று போட்டியாக வந்தது. நாளடைவில் அது உள்ளேயே சிதைவது கண்டு அதனை ஒதுக்கினர்.

இன்று பல்லுட் செல்லும் கூம்பில் கட்டாபேர்ச்சா ஐந்திலொரு பங்கே. பெரும்பகுதி நாகவொட்சைட்டு, எஞ்சியவை மெழுகும், எக்ஸ் கதிர்ப் படத்திற் துலங்குவதற்கான உலோக உப்பும். பெயர் மட்டும் மலாய்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. அண்மைக் காலத்தில் இங்கிலாந்து முதலிய நாடுகளின் கரைகளில் சிப்பெத்திர் என்று பொறித்த கரும்பலகைகள் ஒதுங்கி வருகின்றன. 1917இல் மூழ்கிய மியசாக்கி மாரு என்னும் யப்பானியக் கப்பலின் சரக்கு அவை எனக் கருதப்படுகின்றது. நூறாண்டு உப்புநீரிற் கிடந்தும் அவற்றின் எழுத்துக்கள் இன்னும் வாசிக்கத்தக்கனவாகவே உள்ளன.