இரவு முக்குளிப்பு விளக்கு

இரவு முக்குளிப்பு விளக்கு என்பது, ஸ்கூபா கருவியுடன் இருட்டிய பின் கடலில் இறங்குவோர் வழி பார்க்கவும் உயிரினங்களைக் காணவும் உடன் வருபவருக்குச் சைகை காட்டவும் பயன்படுத்தும் நீர்புகாக் கைவிளக்கு. பேச்சுவழக்கில் டைவ் டார்ச் எனப்படும். இன்று கிடைப்பவை பெரும்பாலும் லித்தியம்-அயான் மின்கலத்தில் இயங்கும் எல்இடி விளக்குகள். எல்இடி பரவிய பின் இவற்றின் அளவும் விலையும் வெகுவாகக் குறைந்தன. குறைந்த விலையிலும் நம்பகமான விளக்கு கிடைக்கிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க, பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணைவிட மின்கலத்தையும் நீர்த்தடுப்பையும் பார்க்க வேண்டும்.

பயன்

கடல்நீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு ஒளியை. பகலிலும்கூட முதல் 10 மீட்டருக்குள் சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடும். பவளப்பாறை நீலச் சாம்பலாகத் தெரியும். அருகிலிருந்து விளக்கடிக்கும்போது ஒளி கடக்கும் தொலைவு குறைவு என்பதால் நிறங்கள் மீள்கின்றன. பகலில் சுருங்கிக் கிடந்த பவள உயிரிகள் இரவில் உணர்கொம்புகளை விரித்து இரை தேடுகின்றன. கிளிமீன்களில் சில இனங்கள், தாமே சுரந்த கண்ணாடி போன்ற வழவழப்பு உறைக்குள் பாறையிடுக்கில் உறங்குகின்றன. ஒளியை நேரே பாய்ச்சாமல், வட்டத்தின் மங்கலான ஓரத்தை மட்டும் அவற்றின்மேல் படவிடுவதே முறை.

எத்தனை விளக்கு தேவை

ஒருவர் இரண்டு விளக்குகள் கொண்டுசெல்வது வழக்கம்: முதன்மை விளக்கு ஒன்று, சட்டைப்பையிலோ மார்புப் பட்டையிலோ மாட்டிய மாற்று விளக்கு ஒன்று. இவை தவிர, இருக்குமிடம் மற்றவருக்குத் தெரிவதற்காகக் காற்று உருளையில் ஒரு சிறு அடையாள விளக்கும் கட்டப்படும். முதன்மை விளக்கு அணைந்தால், மாற்று விளக்கை ஏற்றி உடன் வருபவருக்குத் தெரிவித்து, முக்குளிப்பை முடித்துக்கொண்டு மேலேற வேண்டும். மாற்று விளக்கு அதிக ஒளி தரத் தேவையில்லை. தட்டியவுடன் எரிந்தால் போதும்.

ஒளியளவும் ஒளிக்கற்றையும்

லூமென் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் தரும் மொத்த ஒளி. அந்த ஒளி எவ்வளவு குறுகலாகக் குவிகிறது என்பதைப் பொறுத்தே அது எட்டும் தொலைவு அமையும். 1,000 லூமெனை 10 பாகைக்குள் குவிக்கும் விளக்கு தொலைவுக்குப் பாயும். அதையே 100 பாகைக்கு விரித்தால் கைக்கெட்டும் தூரத்தில் அகலமான மென்னொளி கிடைக்கும். முன்னது பார்ப்பதற்கும் சைகைக்கும், பின்னது காணொளி எடுப்பதற்கும் உரியது.

கலங்கிய நீரில் அகன்ற கற்றை மிதக்கும் துகள்களில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். பனிமூட்டத்தில் வண்டியின் ஹை பீம் போட்டால் எதிரே வெண்திரை விழுவது போன்றது இது. எனவே முதல் விளக்காகக் குறுகிய கற்றை கொண்டதை வாங்குவது நல்லது. சாதாரண இரவு முக்குளிப்புக்கு 800 முதல் 1,000 லூமென் தாராளம்.

மின்கலமும் எரிநேரமும்

கைவிளக்குகளில் பரவலாகப் பயன்படுவது 18650 மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் இப்பெயர். இதன் நல்ல வகைகள் 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்குக் கொள்ளும்; உறையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது போலி.

பெட்டியில் உள்ள எண்களைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. இந்த மின்கலத்தின் 3.6 வோல்ட்டை 3.5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் என்று கொண்டால், 1,000 லூமென் ஒளி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். ஒரே 18650 மின்கலத்தில் 5,000 லூமென் மூன்று மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்தால், அதற்கு 150 வாட்-மணி வேண்டும். அந்த விளக்கை வாங்கக் கூடாது.

கைவிளக்குகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரநிலையின்படி, எரிநேரம் என்பது தொடக்க ஒளி 10 விழுக்காடாகக் குறையும்வரை உள்ள நேரம். ஆகவே 'இரண்டு மணி நேரம்' என்பதில் மங்கலாக எரியும் நேரமும் சேர்ந்திருக்கலாம்.

நீர்த்தடுப்பு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே, நீர்த்தடுப்பைக் காட்டும் ஐபிஎக்ஸ்8 என்ற குறியீடு மட்டும் போதாது. எத்தனை மீட்டர் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். 100 மீட்டருக்குத் தாங்கும் எனக் குறித்த விளக்கு, பொழுதுபோக்கு முக்குளிப்பின் 40 மீட்டர் எல்லைக்கு நல்ல இடைவெளி தரும்.

நீரைத் தடுத்து நிறுத்துவது ஓ-ரிங் என்னும் மெல்லிய ரப்பர் வளையம். மூடிப்பகுதியில் இரண்டு வளையங்கள் உள்ள விளக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தலைமுடியோ மணற்பரலோ வளையத்தின் குறுக்கே கிடந்தால் போதும், உப்புநீர் உள்ளே புகுந்துவிடும்.

சுவிட்ச் வகையும் நீர்த்தடுப்போடு சேர்ந்ததே. தலையைத் திருகி ஏற்றும் விளக்கில், அணைக்கும்போது அளவுக்கு மீறித் தளர்த்தினால் நீர் கசியலாம். காந்தச் சுவிட்சுக்கு உடலில் துளை தேவையில்லை. ஆனால் மணல் சேர்ந்தால் இறுகும், எனவே அலசிக் கழுவ வேண்டும்.

சோதனையும் பராமரிப்பும்

புதிய விளக்கை மின்கலம் இல்லாமல், உள்ளே மெல்லிய காகிதத் துண்டு வைத்து மூடி, வாளி நீரில் ஓர் இரவு போட்டு வைக்கலாம். காகிதம் நனைந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நனையாவிட்டாலும் அது ஆழத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. முதல் சில முறை பகலில் எடுத்துச் சென்று பார்ப்பதே சரி.

ஒவ்வொரு முறையும் நன்னீரில் ஊறவைத்துக் கழுவி, உலர்ந்த பின் திறக்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் வளையங்களுக்குச் சிலிகான் கிரீஸை விரல்நுனியில் தொட்டு, பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவினால் போதும். ஆற்றல் மிக்க விளக்குகள் நீரின் குளிர்ச்சியை நம்பி இயங்குவதால், கரையில் நெடுநேரம் எரிய விடக் கூடாது. சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் செல்வோர், உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

தேர்வு

குறைந்த செலவில் தொடங்குபவர், கையிலுள்ள பணம் முழுவதையும் பேரொளி விளக்கு ஒன்றில் போடுவதைவிட, ஆழ அளவும் மின்கலத் திறனும் நேர்மையாகக் குறிக்கப்பட்ட எளிய விளக்குகள் இரண்டை வாங்குவதே பாதுகாப்பானது. ஒன்று அணைந்தாலும், இன்னொன்றின் ஒளியில் கரை சேரலாம்.