வின்அம்புக்காகக் காத்திருந்தவர்கள்

வின்அம்ப் 1997 இல் வந்தது. நாங்கள் அதைக் கண்டது அண்ணாமாரின் பழைய கம்பியூட்டர்களில்தான். 1999 இல் அதை ஏஓஎல் வாங்கியது. 2002 இல் முழுதாய் மாற்றி எழுதிய வின்அம்ப் 3 வந்தபோது பாவனையாளர்கள் கைதட்டவில்லை. மெதுவா ஓடுது, மெமரியைத் தின்னுது எண்டு கனபேர் பழைய 2க்கே திரும்பிப் போனார்கள். அடுத்த பதிப்புக்குப் பெயர் 5. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்தாம்!

2013 இல் ஏஓஎல் மூடப்போவதாக அறிவித்ததும் கையெழுத்து வேட்டை தொடங்கியது. மூலநிரலையாவது திறந்துவிடுங்கோ என்று கேட்டார்கள். 2014 இல் ரேடியோனமி வாங்கியது. பிறகு 2018 வரை புதுப்பதிப்பே இல்லை.

அந்த இடைவெளிதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்கள் திட்டினார்கள்தான், ஆனால் விட்டுப்போகாதவர்களும் இருந்தார்கள். 5.666 ஐப் பத்திரப்படுத்தி, புதிய விண்டோஸிலும் ஓடவிட்டார்கள். முன்பு அங்கே வேலைசெய்த ஒருவர், பிழைகளைத் திருத்த 'வாகப்' என்ற தனித் திட்டத்தையே தொடங்கினார். 2018 இல் 5.8 முதலில் கசிந்தது. கம்பனி பிறகுதான் வெளியிட்டது. அவர்கள் கேட்டது புதுமையை இல்லை, பழசு நிக்காமல் ஓடவேணும் என்பதைத்தான் போல.

2022 செப்டெம்பரில் 5.9 வந்தது. நாலு வருச வேலையில் பெரும்பகுதி, பழைய நிரலைப் புதிய கருவிகளுக்கு மாற்றியது. முகம் அதே முகம்.