அறுபது பாடவகுப்புகள்

கல்லூரி வாயிலில் நிற்கும் நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் நம் கழகத்தாரிடம் கேட்பது ஒரே கேள்வி: "எந்தப் பாடத்தை எடுத்தால் விரைவில் வேலை கிடைக்கும்?" அதில் குற்றம் காண நாம் முற்படோம். அது வறுமை கேட்கும் கேள்வி. ஆயினும், நம்மினும் கொடிய நெருக்கடியில் கற்ற ஒருவர் ஒரு பெரும் பல்கலைக்கழகத்தை எவ்வாறு பயன்படுத்திக்கொண்டார் என்பதை இவ்வெள்ளிவிழா மலரில் எண்ணிப் பார்ப்பது தகும்.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைக் கல்வி கற்ற நாளில் வடமொழி பயில விரும்பினார். தீண்டப்படாதார் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவ்வகுப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. பாரசீகம் பயில நேர்ந்தது. இவ்வாறு பிறப்பைக் காட்டி ஒரு மொழியின் கதவு அடைக்கப்பெற்ற அம்மாணவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். மாதம் 11½ பவுன், மூன்றே ஆண்டுகள், திரும்பியதும் பரோடா அரசில் பத்தாண்டுப் பணி. இதுவே ஒப்பந்தம்.

அங்கே எவ்வகுப்பின் வாயிலிலும் அவரது குலத்தை எவரும் வினவவில்லை. அம்மூன்றாண்டுகளில் அவர் பயின்ற பாடவகுப்புகள்: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. கூட்டினால் 60! இவற்றுள் அந்த ஒற்றை ஜெர்மன் வகுப்பை நாம் சிறிதாக எண்ணலாகாது. 1922இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்துகொண்டவர் அவர்.

பொருளியலே அவரது முதன்மைப் பாடம். பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் ஆய்ந்து 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனால் நம் மக்களின் வரலாற்றுக்கு மிக நெருங்கிய கட்டுரையோ, நான்கே வகுப்புகள் பயின்ற மானிடவியலிலிருந்து பிறந்தது. 1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசரின் ஆய்வு வகுப்பில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றி அவர் படித்த கட்டுரையே அது. அகமணமே சாதியின் உயிர்நிலை என்றும், உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் அதனைக் காக்க எழுந்த வழக்கங்கள் என்றும் அதில் நிறுவினார். மேல்வகுப்பார் தம்மைச் சுற்றி எழுப்பிய வேலியை ஏனையோர் ஏன் தாமும் எழுப்பிக்கொண்டனர் என்பதை விளக்க, தார்து என்னும் பிரெஞ்சு அறிஞரின் 'பின்பற்றல்' கோட்பாட்டைக் கையாண்டார். அக்கோட்பாட்டு நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை வரைந்த கிட்டிங்ஸ், கொலம்பியாவில் அவருக்குச் சமூகவியல் கற்பித்த ஆசிரியர். ஒரு துறையில் தீட்டிய கருவி மறுதுறையில் வேலை செய்தது! பொருளியல் ஒன்றையே கட்டிக்கொண்டிருந்தால் இக்கட்டுரை பிறந்திருக்குமா? நமக்கு ஐயமே.

நூலகத்தோடும் அவர் நிறைவடையவில்லை. ஏறத்தாழ 2,000 பழைய நூல்களை நியூயார்க்கில் வாங்கினார் என்பர். அதற்காக வயிற்றைக் கட்டினார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1917இல் லண்டனிலிருந்து தாயகம் திரும்பியபோது, அவர் தனியே அனுப்பிய பெட்டிகளையும் நூல்களையும் ஏற்றிய கப்பல் உலகப்போரில் மூழ்கடிக்கப்பட்டது. அவர் மீண்டும் சேர்க்கத் தொடங்கினார். மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். அவர் சேர்த்த நூல்களுள் பல அக்கல்லூரி நூலகத்தை அடைந்தன.